எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல்

அன்புள்ள அருண்,

அங்கே போய் நீ என்ன எழுதப் போகிறாய் என்று உன்னைக் கேட்க நினைத்திருந்தேன். நீ ஹைதராபாத் பஸ் ஏறிய அன்று அதற்கு நேரமும் இருந்தது. பஸ் தாமதமாக வந்தது, இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தோம். நான் போர்வை எடுத்தாயா, சார்ஜர் எடுத்தாயா என்று தேவையில்லாததையெல்லாம் விசாரித்தேன். கேட்க வேண்டியது கேட்கப்படவில்லை. பார், எனக்கே இப்படித்தான் எழுத வருகிறது. நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது, கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். வாசலில் நின்றால் உள்ளே ஏதோ வேலை கிடப்பதாகத் தோன்றுகிறது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன்னைப் போல எழுதிச் சம்பாதிக்கிற பிள்ளைகள் யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். நம் சந்துத் தீபாவிடம் கேட்டேன், அவளும் எழுதச் சொன்னாள்.

உன் புது வேலையின் பெயர் எனக்குப் புரியவில்லை. நெருக்கடி நேரத் தகவல் தொடர்பு என்று தமிழில் சொல்லிக் காட்டினாய். அப்படியென்றால் என்னடா என்றேன். "ஒரு கம்பெனில ஏதாவது ஆச்சுன்னா, வெளிய என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு நாங்க பாத்துப்போம்மா" என்றாய். அந்த 'ஏதாவது' என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஏதாவது என்றால் என்ன? யாருக்கு ஆனது? யார் செய்ததால் ஆனது?

காலையில் பேப்பரைப் பிரித்தால் இந்த ஊரில் எதையும் யாரும் செய்வதில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது குடிநீர் விநியோகத்தில் தற்காலிக மாற்றம். வரிசையாக நின்ற மரங்களை வெட்டித் தள்ளினால் அந்த இடம் சீரமைக்கப்பட்டது. குடிசைகளைப் பிரித்து எறிந்துவிட்டு, அங்கே இருந்தவர்களுக்கு மறுவாழ்வு பரிசீலிக்கப்படுகிறது என்கிறார்கள். மேடையில் ஒன்றைப் பேசிவிட்டு, மறுநாள் தன் பேச்சு திரித்துக் கூறப்பட்டதாகச் சொல்கிறவரை டிவியில் தினமும் பார்க்கிறேன். எந்த ஆபீசுக்குப் போய் நின்றாலும் தமிழில் பார்க்கலாம், கன்னடத்தில் நோடோணா, உருதுவில் தேக்கேங்கே. இத்தனை பாஷை பேசுகிற ஊரில் அந்த ஒரு பதில் மட்டும் எல்லோருக்கும் தடையில்லாமல் வருகிறது.

உனக்குச் சின்ன வயதிலேயே வார்த்தை நன்றாக வரும். எதிர்வீட்டு ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பந்தடித்து உடைத்துவிட்டு வந்து நின்றாய். "கண்ணாடி உடைஞ்சிடுச்சும்மா" என்றாய். யார் உடைத்தது என்றேன். பந்து பட்டது என்றாய். பந்தை யார் அடித்தது என்றேன். பேட்டில் பட்டுவிட்டது என்றாய். உன் அப்பாவும் நானும் சிரித்துவிட்டோம். பிள்ளை சமர்த்தாகப் பேசுகிறான் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னோம். உடைந்தது, உடைத்தது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில் ஒரு ஆள் காணாமல் போய்விட முடியும் என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போல் பேச வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் போகிறேன் என்பதில்லை, போய்விட்டு வருகிறேன் என்கிறோம். விளக்கை அணைக்கச் சொல்வதில்லை, அமர்த்தச் சொல்கிறோம். செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வராமல் தவறிவிட்டார் என்கிறோம். பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் மங்கலம், இடக்கரடக்கல் என்று இலக்கணமே படித்தோம். ஆனால் அங்கே கேட்கிறவருக்கும் விஷயம் தெரியும். தவறிவிட்டார் என்றால் யாரும் தேடிக்கொண்டு போவதில்லை.

நான் நர்சாக இருந்தபோது நடந்ததை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. ஒரு மத்தியானம் என் வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். டியூட்டியில் இருந்தவர் புதிதாக வந்த டாக்டர். நல்ல மனிதர்தான். வெளியே காத்திருந்த மகளிடம் போய், எங்களால் முடிந்ததெல்லாம் செய்துவிட்டோம், இனிமேல் அவருக்கு வலி இருக்காது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒரு பாட்டிலில் இளநீரோடு வந்து என் முன்னால் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "அப்பா இளநி குடிக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டாள். நான் அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா இறந்துட்டாரும்மா" என்றேன். அவள் அழுதுகொண்டே அப்படியென்றால் அந்த டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் அவளுக்காக மென்மையாகப் பேசவில்லை, அருண். அவள் முகம் மாறுவதைத் தான் பார்க்க வேண்டாம் என்பதற்காகப் பேசினார். யாருடைய வலியைக் குறைக்க ஒரு வார்த்தை வருகிறது என்று அன்றிலிருந்து நான் பார்க்கிறேன்.

லலிதாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொம்மலூரில் நம் சந்தில், நம் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருந்தாள். ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கணவர் மூர்த்தி ஆட்டோ ஓட்டுகிறார். மகள் தீபா பி.காம் படிக்கிறாள். லலிதா பயந்த சுபாவம். கேஸை மூடிவிட்டுத் திரும்பவும் போய்த் தொட்டுப் பார்ப்பாள். ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் நிற்பது யாரென்றுகூடப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொள்வாள். அதற்காக அவளை நாங்கள் கேலி செய்ததுண்டு.

மழைக்காலத்துக்கு முன்னால் சந்தோரத்து மோரியை, அந்தப் பெரிய சாக்கடையை, தூர்வார மாநகராட்சி காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்தார்கள். மேலே மூடியிருந்த சிலாப்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கினார்கள். வாரிய சகதியையும் அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப வந்து மூடவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை, கயிறு இல்லை. சந்துக்காரர்கள்தான் அடையாளத்துக்கு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அங்கே போட்டோம். பிறகு ஒரு நாள் சாயங்காலம் கொட்டிய மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது, நாற்காலியையும் கொண்டுபோய்விட்டது. ரோடு எது மோரி எது என்று தெரியவில்லை. லலிதா வேலை முடிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவர் ஓரமாகத் தடவித் தடவி வந்தாள். பின்னால் வந்த பெண்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். முன்னால் நடந்தவள் இருந்தாள், பிறகு இல்லை. தீயணைப்புக்காரர்கள் வெகுதூரம் தள்ளி, மோரி பெரிய கால்வாயில் சேருகிற இடத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

மறுநாள் பேப்பரில் மாநகராட்சி ஆபீசின் அறிக்கை வந்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் மழைநீரில் இறங்கிய பெண் ஒருவர் எதிர்பாராத விதமாக உயிரிழந்தார், சம்பவம் குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. இறங்கிய என்று எழுதியிருந்தது. குளத்தில் குளிக்க இறங்கியவளைப் போல. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் அவள்.

அன்றைக்கு நீ பொம்மனஹள்ளி ரூமிலிருந்து சாவுக்கு வந்தாய். மூர்த்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். தீபாவுக்குத் தண்ணீர் கொடுத்தாய். என் பிள்ளை எவ்வளவு பொறுப்பாக இருக்கிறான் என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நிறைவு வந்தது.

காரியம் நடந்த அன்று மூர்த்தியின் அக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். "அவசரக்காரி. போகாத போகாதன்னு சொல்லியிருக்காங்க, கேக்காம இறங்கியிருக்கா. இப்போ யாரு கஷ்டப்படுறது?" மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தீபா நம் வீட்டுச் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஆன்ட்டி, போர்டைப் பாத்துட்டும் அம்மா ஏன் போனாங்க? என்னை நெனச்சுக்கவே இல்லையா?" என்று கேட்டாள். அங்கே போர்டே இல்லையே தீபா, தினம் நீயும்தானே அந்த வழியாகக் காலேஜுக்குப் போனாய் என்றேன். "எச்சரிக்கைன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களே ஆன்ட்டி" என்றாள். தன் கண்ணால் பார்த்ததை அந்தப் பெண் நம்பவில்லை. அச்சில் வந்ததை நம்பினாள். தன் அம்மா தன்னை நினைக்காமல் செத்தாள் என்று நம்பினாள்.

அந்த ஆபீசின் அறிக்கைகளை அப்போது நீ வேலை செய்த ஏஜென்சிதான் எழுதிக் கொடுக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் உனக்குப் போன் செய்து, இதை எழுதியது யாரென்று விசாரித்துச் சொல் என்றேன். "நான்தாம்மா" என்றாய். தொம்மலூர், பெண், தண்ணீரில் விழுந்தார் என்று ஆபீசிலிருந்து போனில் சொன்னதாகவும், உடனே எழுதிக் கேட்டதாகவும், யாரென்று உனக்கு அப்போது தெரியாது என்றும் சொன்னாய். என்ன எச்சரிக்கைடா என்றேன். கனமழை, வெளியே போக வேண்டாம் என்று ஊருக்கே பொதுவாக ஒரு மெசேஜ் போட்டிருந்தார்களாம். "காலையில வேலைக்குப் போனவ வெளிய வராம எப்படிடா வீட்டுக்கு வருவா?" என்று கேட்டேன். அதற்கு நீ, பேர் போடவில்லை, ஒரு பெண் என்றுதான் எழுதினேன் என்றாய். போனை வைத்துவிட்டேன். மூர்த்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போது உனக்குத் தெரியும். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை வரச் சொன்னேன், வந்தாய். மூர்த்தியையும் தீபாவையும் கூப்பிட்டு நம் கூடத்தில் உட்கார வைத்தேன். நீ தகவல் பரிமாற்றத்தில் ஒரு இடைவெளி என்று ஆரம்பித்தாய். அவசரத்தில் சில சொற்கள் இடம்பெற்றுவிட்டன என்றாய். தீபா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, போர்டு இருந்துச்சா, இல்லையா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் உனக்கு உதவவில்லை.

"இல்ல தீபா."

"அப்போ எங்கம்மா மேல தப்பில்லையா?"

"அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் எழுதினேன். யாரையும் கேக்காம எழுதினேன்."

மூர்த்தி எழுந்து வெளியே போனார். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. தீபா அழவில்லை. எனக்கு மட்டும் சொன்னால் போதாது, அம்மா சாவைப் பற்றிய விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அங்கேயும் சொல்ல வேண்டும் என்றாள். நீ தரையைப் பார்த்தபடி, "பாக்கலாம்மா" என்றாய். என் பிள்ளையின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டேன்.

விசாரணை நாள் வரைக்கும் நான் உன்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கெஞ்சுவேன் என்று தோன்றியது. தீபாவுக்கும் மூர்த்திக்கும் துணையாகப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். மாநகராட்சி இன்ஜினியர் வந்தார், முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டிருந்தன என்று கன்னடத்தில் சொன்னார். என்ன நடவடிக்கை என்று கேட்டபோது வழக்கமான நடவடிக்கைகள் என்றார். பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் உன் மேனேஜர் இருந்தார். எங்களுக்கு வந்த தகவலின்படி என்று கன்னடத்தில் ஆரம்பித்தாய். ஆரம்பித்து நிறுத்திவிட்டாய். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில் எனக்கு உன் சம்பளம், ரூம் வாடகை, பைக் லோன் எல்லாம் நினைவுக்கு வந்தன. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் நீ தகவலின்படி என்றே முடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். நீ அப்படி முடிக்கவில்லை. அங்கே பலகை இருந்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை, அது நான் வளர்ந்த சந்து, அங்கே பலகை இல்லை, அந்த வரி என்னுடையது, அது பொய் என்றாய். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். தீபா என் கையை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வந்ததெல்லாம் நீ பட்டது. உன் பங்களிப்புக்கு நன்றி, குழு மறுசீரமைக்கப்படுகிறது என்று ஏஜென்சி எழுதி அனுப்பியது. வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று எழுத அவர்களுக்கும் கை வரவில்லை. மாநகராட்சி ஆபீசிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. முந்தைய அறிக்கையில் இடம்பெற்றிருந்த ஒரு சொற்றொடர் நீக்கப்படுகிறது. யார் எழுதியது, ஏன் எழுதியது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் தீபா அதை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அத்தை படித்துவிட்டு, லலிதாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பினாளாம். காண்ட்ராக்டர் மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. மோரியை மூடிவிட்டார்கள். மூர்த்தி உன்னிடம் இன்னும் பேசவில்லை. பேசுவார் என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது.

இப்போது அதே மாதிரி வேலைக்குத்தான் போயிருக்கிறாய், இன்னும் பெரிய சம்பளத்தில். அதனால்தான் எனக்கு இத்தனை அலைச்சல். ஒரு தடவை உண்மையைச் சொன்னவனுக்கு அடுத்த தடவையும் வரும் என்று நிச்சயமில்லை. அதற்கு என்ன விலை என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டதே. வேலையை விடு என்று சொல்லவில்லை. அங்கே ஒரு நாள் போன் வரும், ஊர் பேரும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் சொல்வார்கள். நீ பேரைக் கேள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேள். எழுதி முடித்ததும், இந்த வரியைச் செத்தவரின் மகள் படிப்பாள் என்று நினைத்து ஒரு முறை படித்துப் பார். சொல்லக்கூடாத விஷயமாக இருந்தால் சொல்ல முடியாது என்றே எழுது, அதில் பொய் இல்லை. செய்த ஆளை எடுத்துவிட்டு வாக்கியத்தை நிறுத்தச் சொன்னால், எனக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. அது உண்மையாகவே உனக்கு வராமல் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொன்று இருக்கிறது. கொஞ்ச நாளாக எனக்கு வார்த்தைகள் வர மறுக்கின்றன. கடையில் கத்தரிக்காய்க்கு முன்னால் நின்றுகொண்டு, அதன் பெயர் வராமல் விரலால் காட்டினேன். நம் சந்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனேன். முதலில் பார்த்த டாக்டர், வயதானால் வருவதுதான் என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போனேன். நானும் நர்சாக இருந்தவள், நேராகச் சொல்லுங்கள் என்றேன். அந்த டாக்டரம்மா சொன்னார். டிமென்ஷியா. ஆரம்பக் கட்டம். மருந்தால் கொஞ்சம் மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது. அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை என்றுதான் இங்கே முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

வார்டில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மறதி முற்றியதும் இறந்துபோன கணவனைத் தேடுவார்கள். அவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், அப்போதுதான் முதல் முறை கேட்பது போல அழுவார்கள். அழுது, மறந்து, மறுபடி தேடுவார்கள். நானும் ஒரு நாள் உன் அப்பாவைத் தேடுவேன். அவர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டதும், கொள்ளி வைத்தவன் நீ என்பதும் எனக்கு நினைவிருக்காது. எங்கே அவர் என்று உன்னையே கேட்பேன். அந்த நாள் வரும் வரைக்கும் என்னிடம் எதையும் மறைக்காதே, டாக்டர் சொன்னது, கையிருப்பு, உன் பயம், எல்லாவற்றையும் சொல். ஆனால் அந்த நாள் வந்த பிறகு, அருண், உண்மையைச் சொல்லி என்னை அழ வைக்காதே. "கடைக்குப் போயிருக்காரும்மா, வந்துடுவாரு" என்று சொல். அந்தப் பொய்யை நான் கேட்டு வாங்குகிறேன், என் முழு நினைவோடு. சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் அம்மா